நிகழாததை அறியும் ஞானம்

ஸ்பானிய மொழியில் நேசித்தலைக் குறிக்கும் வினை 'அமார்' என்பது. அவ்வினையைச் சிறிதும் குறைக்காமல் அதன் இறுதியில் 'ஈயா' என்னும் விகுதியைச் சேர்த்தால், இன்னது நேருமாயின் நான் நேசிப்பேன் என்னும் பொருள் தரும் 'அமரீயா' பிறக்கிறது. நீ, நாம், நீங்கள், அவர்கள் என்று எழுவாய் மாறுந்தோறும் அமரீயாஸ், அமரீயாமோஸ், அமரீயாயிஸ், அமரீயான் என விகுதி மட்டுமே மாறுகிறது. உண்ணலைக் குறிக்கும் 'கொமெர்', வாழ்தலைக் குறிக்கும் 'விவிர்' ஆகியனவும் இவ்விகுதிகளையே ஏற்பதால், நிகழ்காலத்தில் வகைக்கு வகை வேறுபட்டு நிற்கும் அம்மொழியின் வினைகள் இங்கே ஒரே நியமத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த விகுதியோ, உடைமையைக் குறிக்கும் துணைவினையின் முற்றுப்பெறாத இறந்தகாலம் தேய்ந்து எஞ்சியது. 1492-ஆம் ஆண்டில் தம் இலக்கணத்தை வெளியிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா அப்போதே இதைக் கண்டு சொன்னார்.

நிகழாதவற்றைச் சொல்ல இத்தனை ஒழுங்கான வடிவம் வாய்த்திருக்க, அவ்வடிவத்தால் சொல்லப்படும் செய்திக்கு மெய்ம்மை உண்டா என்பது வேறொரு கேள்வி. நடந்ததைக் கூறும் வாக்கியத்துக்கு உலகமே சாட்சியாக நிற்கிறது. ஆனால் நிபந்தனை நிறைவேறாமலே காலம் கடந்துபோனபின், இன்ன நிலைமையில் அவன் இன்னது செய்திருப்பான் என்னும் வாக்கியத்துக்குச் சாட்சி யார்? பெலிஸ்தரிடமிருந்து கேகிலா நகரத்தைக் காத்துக்கொடுத்த தாவீது, அரசன் சவுல் தன்னைத் தேடி அங்கே வருவானா, ஊரார் தன்னை அவன் கையில் ஒப்புவிப்பார்களா என்று கடவுளிடம் கேட்டதாகவும், இரண்டுக்கும் ஆம் என்றே விடை பெற்றதாகவும் பழைய ஏற்பாடு சொல்கிறது. தாவீது உடனே ஊரைவிட்டுப் புறப்பட்டுவிட்டான். ஆகையால் சவுல் வரவுமில்லை, ஊரார் ஒப்புவிக்கவுமில்லை. ஆயினும் அந்தத் தெய்வவாக்கு பொய்த்தது என்று எந்த விசுவாசியும் சொல்லத் துணியான்.

கேகிலாவின் கதையை முக்கியமான ஆதாரமாகக் கொண்டவர், 1535-ல் கூவெங்காவில் பிறந்து போர்ச்சுகலில் போதித்துவந்த இயேசு சபைக் குரு லூயிஸ் தெ மோலினா. 1588-ல் லிஸ்பனில் வெளிவந்த 'கொன்கோர்தியா' என்னும் லத்தீன் நூலில், ஈசுவர ஞானத்தை அவர் மூன்று படிகளாக வகுத்தார். நிகழக்கூடிய அனைத்தையும் அறிவது முதற்படி. தமது சங்கற்பத்தினால் நிகழப்போவதை அறிவது இறுதிப்படி. இவ்விரண்டுக்கும் நடுவே, சிருஷ்டிக்கு முன்பே, ஒவ்வொரு ஜீவனும் எந்தெந்தச் சூழ்நிலையில் தன் சொந்த விருப்பத்தால் எதைத் தேர்ந்துகொள்ளும் என்பதை அறியும் இடைநிலை ஞானம். கடவுள் அனைத்தையும் நடத்துகிறார் என்பதையும், மனிதன் யாருடைய நிர்ப்பந்தமுமின்றிச் செயல்படுகிறான் என்பதையும், ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிடாமல் காக்க அவர் கண்ட வழி இது.

சாலமாங்காவில் போதித்த தொமினிக் சபையைச் சேர்ந்த தோமிங்கோ பாஞெஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சிருஷ்டியிடமிருந்து அறிவைப் பெறும் நிலைமையில் சர்வேசுவரனை வைப்பது தகாதென்பதும், இறைவன் அசைத்தாலன்றி எந்தச் சித்தமும் அசையாதென்பதும் அவர் பக்கத்துக் கொள்கை. இன்னும் படைக்கப்படாத ஒருவன் என்ன செய்வான் என்னும் உண்மையை, அவனும் ஆக்கவில்லை, கடவுளும் ஆக்கவில்லையென்றால் ஆக்கியவர் யார் என்று பிற்காலத்தார் வற்புறுத்திய ஆட்சேபமும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

என் மனம் பெரும்பாலும் மோலினாவின் பக்கமே சாய்கிறது. காவற்காரன் உறங்கிவிட்டதால் ஊர் தீக்கிரையாகுமானால், விழித்திருந்திருந்தால் அவன் கூவியிருப்பான், மக்கள் தப்பியிருப்பார்கள் என்ற வாக்கியத்தை மெய்யென்று கொண்டுதானே அவனை நாம் குற்றவாளியாக்குகிறோம்? அதற்கு மெய்ம்மையே இல்லையென்றால் பச்சாத்தாபமும் எச்சரிக்கையும் மன்னிப்பும் வெறுஞ்சொற்களாகிவிடும். ஒருவன் செய்யப்போவதை அறிந்திருப்பது அவனைக் கட்டுவதுமன்று. கேகிலாவின் மக்கள் துரோகம் செய்திருப்பார்களென்றால் தங்கள் மனத்தாலேயே செய்திருப்பார்கள், தாவீதும் அந்த உண்மையை அறிந்தபின் தன் விருப்பப்படியே வெளியேறினான். ஆனால் ஒருபோதும் பிறக்காத மனிதர்களின் தேர்வுகளும் முன்னரே உண்மையாய் நிலைபெற்றிருக்கின்றன என்னும் இடத்தில் என்னால் மோலினாவைப் பின்தொடர இயலவில்லை. வாழ்ந்து பழகிய சுபாவம் ஒன்று உண்டாகாதவிடத்து அந்த உண்மை எதைப் பற்றி நிற்கும்?

இரு சபைகளுக்கும் இடையே மூண்ட விவகாரத்தை ஆராயப் பாப்பரசர் எட்டாம் கிளெமெந்து ரோமாபுரியில் ஒரு குழுவை நியமித்தார். வாதங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. மோலினா 1600-லும் பாஞெஸ் 1604-லும் காலமானார்கள். 1607-ல் பாப்பரசர் ஐந்தாம் பவுல், இரு தரப்பாரும் தத்தம் கொள்கையைப் போதிக்கலாம், ஒருவரையொருவர் பதிதர் என்று தூஷிக்கலாகாது, தீர்ப்பு தக்க சமயத்தில் வெளியிடப்படும் என்று அறிவித்து விசாரணையை முடித்தார். அத்தீர்ப்பு இன்றுவரை வெளியிடப்படவில்லை.