அசல் திருகாணி பொய் சொல்லுமா?



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒரு பொருளில் உள்ள ஒவ்வொரு பாகமும் அசல். போலி என்று ஒன்றுகூட கிடையாது. அப்படியிருந்தும் அந்தப் பொருள் மொத்தமாக ஒரு பொய்யாக இருக்க முடியுமா? "அதெப்படி பிரதர் முடியும்?" என்பீர்கள். முடியும். பழைய பாஸ் கித்தார்களைப் பழுதுபார்த்து விற்கிறவர்கள் மத்தியிலே நடக்கிற காரியம் இது.

ஆராதனையில் பாஸ் கித்தார் வாசிக்கிற தம்பிமாருக்கு இந்தச் சரித்திரம் கொஞ்சம் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலம் ஃபுல்லர்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-ல் 'பிரிசிஷன் பாஸ்' என்ற மின்சார பாஸ் கித்தாரை வெளியிட்டார். அதுவரை ஆளுயர டபுள் பாஸைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! 1960-ல் 'ஜாஸ் பாஸ்' வந்தது. 1965 ஜனவரியில் கம்பெனி கைமாறி, 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் போயிற்று. அதற்கு முன்னே செய்தவைகளுக்குத்தான் இன்றைக்கு மவுசு. 1962-ல் செய்த ஒரு பாஸ், யாரும் கைவைக்காமல் அப்படியே இருந்தால் அதற்கு ஒரு விலை. மேலே மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்துவிடும். மரம் அதேதான், வாசிப்பும் அப்படியேதான் இருக்கும். ஆனாலும் பாதி!

சோதனை இங்கேதான் நுழைகிறது.

அறுபது வருஷம் உழைத்த கருவியில் பழுது வராமல் இருக்குமா? வால்யூம் கண்ட்ரோல் கரகரவென்று சத்தம் போடும். ஆமை ஓடு போல் நிறம் கொண்ட பிக்கார்ட் செல்லுலாய்டில் செய்தது. அது வருஷம் போகப்போகச் சுருங்கி, திருகாணி பக்கத்திலே வெடித்துவிடும். பிக்கப்புக்குள் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். எங்கேயாவது ஒரு இடத்தில் அறுந்தால் போதும், கித்தார் ஊமை. புதுப் பாகம் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது, நன்றாகவே வாசிக்கலாம். ஆனால் இவர்கள் "அந்த வருஷத்துப் பாகம்தான் வேணும்" என்பார்கள். எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறார்கள் தெரியுமா? வால்யூம் கண்ட்ரோலின் மேல் ஒரு எண் குத்தியிருக்கும். முதல் மூன்று இலக்கம் அதைச் செய்த கம்பெனி. 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். பின்னால் வருவது வருஷமும் வாரமும். 304-6225 என்றால் 1962-ம் வருஷம் 25-ம் வாரம் செய்தது. கித்தார் கழுத்தின் அடியிலே போட்டிருக்கிற தேதியோடு இது ஒத்துப்போகவேண்டும்!

சரி, 1962-ம் வருஷத்துப் பாகம் இன்றைக்கு எங்கேயிருந்து வரும்? இன்னொரு 1962 பாஸிலிருந்துதான் பெரும்பாலும் வரவேண்டும். அது ஏற்கெனவே உடைந்துபோனதாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் நன்றாக வாசித்துக்கொண்டிருந்த பாஸையே பிரித்துப்போட்டு, பிக்கப் தனி, டியூனிங் கீ தனி, திருகாணி தனி என்று கூறுகட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். முழுசாக விற்பதைவிடச் சில சமயம் அதில் லாபம் அதிகம். ஒன்றுக்கு உயிர் கொடுக்க இன்னொன்றை அறுக்கிறோம். இதை யாராவது "பழமையைப் பாதுகாக்கிறோம்" என்று சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அப்படிச் சேர்த்து முடித்த பாஸை ஒருவர் விற்கிறார். "எல்லாமே 1962 சார்" என்கிறார். ஒரு வார்த்தைகூட தப்பில்லை. ஆனால் வாங்குகிறவர் என்ன புரிந்துகொள்கிறார்? இந்தப் பாகங்களெல்லாம் ஒன்றாகவே பிறந்து, ஒன்றாகவே வளர்ந்தது என்று. அதற்குத்தான் அவர் அத்தனை பணம் கொடுக்கிறார். பிறகு விஷயம் தெரிந்தால் விற்றவர் என்ன சொல்லுவார்? "நீங்க கேட்கலையே!" நம்ம ஊரில் வில்லங்கம் உள்ள மனையை விற்றவனும் இதையேதான் சொல்லுவான். கேட்கத் தெரியாதவனிடத்தில் மறைப்பது, கேட்டவனிடத்தில் பொய் சொல்வதைவிட எந்த விதத்தில் சுத்தம்?

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 1995-ல் ஃபெண்டர் கம்பெனியே 'ரெலிக்' என்ற பெயரில், புதுக் கித்தாரையே தேய்த்து, கீறி, பழசு மாதிரி செய்து விற்க ஆரம்பித்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை, "வேஷம்" என்றார்கள். என்னைக் கேட்டால் அதில் வஞ்சகம் இல்லை. புதுசு என்று சொல்லியே விற்கிறார்கள். நிஜமான பழைய திருகாணியை மாட்டிவிட்டு மௌனமாக இருக்கிறாரே, அவரிடத்தில்தான் எனக்குச் சங்கடம்.

அசல் என்றால் எந்த நாளின் அசல் என்பதையும் யோசிக்கவேண்டும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்ற மேதை வைத்திருந்தது 1962 ஜாஸ் பாஸ். அதில் ஃப்ரெட் கம்பிகளைப் பிடுங்கி, பள்ளத்தை அடைத்து, மேலே எபாக்ஸி பூசி வாசித்தார்கள். சேகரிக்கிறவர்கள் சட்டப்படி அது கெட்டுப்போன கித்தார். பிற்பாடு அது பல துண்டாக உடைந்து, ஒட்டப்பட்டு, 1986-ல் நியூயார்க்கில் ஒரு பூங்கா பெஞ்சிலிருந்து திருடுபோயிற்று. அடுத்த வருஷம் ஜாக்கோ இறந்துபோனார். சுமார் இருபது வருஷம் கழித்துக் கித்தார் வெளிப்பட்டது. மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ உதவி செய்து அதை மீட்டார். அதற்கு 1962-ம் வருஷத்து முறைப்படி மறுபடி ஃப்ரெட் போடலாம் என்று யாராவது சொல்லுவார்களா? போட்டால் ஜாக்கோவின் கை அதில் இருக்காதே!

ஆகவே ஊமையான பிக்கப் கையில் வந்தால், இன்னொரு பாஸைப் பிரித்தெடுத்த பிக்கப்பைத் தேடாமல், அதே காந்தத்தையும் சட்டத்தையும் வைத்துப் புதுக் கம்பி சுற்றுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். "அசல் சுற்று போயிடுமே" என்று சிலர் வாதாடுவார்கள். அறுந்த சுற்று ஏற்கெனவே போய்விட்டதுதானே?

கழற்றிய எதையும் குப்பையில் போடவேண்டாம். கரகரத்த கண்ட்ரோல், வெடித்த பிக்கார்ட், பழைய திருகாணி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கித்தார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். எந்தத் தேதியில் எதை மாற்றினோம், மாற்றியது எங்கேயிருந்து வந்தது என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள். அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர் பேரம் பேசுவார், விலையைக் குறைப்பார். இன்னும் முப்பது வருஷம் கழித்து அதைத் திறக்கப்போகிற மெக்கானிக், ஸ்குரூடிரைவரை எடுக்குமுன் அந்தச் சீட்டைத்தான் முதலில் எடுத்துப் படிப்பார்.