போகப்போகிறவர்களுக்குக் கற்பிப்பது

மூன்று நான்கு வருடத்தில் கிளம்பிவிடுகிறவர்களுக்குக் கற்பித்து என்ன ஆகப்போகிறது? கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு ஒவ்வொரு ஜூலையிலும் வரும் அலுப்பு இது. டேக்வாண்டோ என்கிற கொரியத் தற்காப்புக் கலையைச் சொல்லித்தரும் பல்கலைக்கழகச் சங்கங்களின் கதையைப் படித்தபோது அவர்கள் நிலைமை இன்னும் மோசம் என்று தெரிந்தது. சியோலிலுள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் விதிப்படி, பிளாக் பெல்ட் வாங்கிய பிறகு டான் என்கிற படிநிலைகளில் இரண்டாவதுக்கு ஓராண்டு, மூன்றாவதுக்கு இரண்டாண்டு, நான்காவதுக்கு மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். கறுப்பை எட்டுவதற்குள்ளேயே பட்டப்படிப்பு ஏறக்குறைய முடிந்துவிடும். வெள்ளை பெல்ட்டோடு வருகிறவனை மாஸ்டராக்கிப் பார்க்கும் பாக்கியம் சங்கத்துக்கு இல்லை.

ஆனால் அமெரிக்காவில் இந்தக் கலை வேர்விட்டதே அப்படிப் போனவர்களால்தான். 1950களின் பிற்பகுதியில் டெக்சாஸுக்குப் படிக்க வந்த கொரியர் ஜூன் ரீ, முதலில் சான் மார்கோஸிலும் பிறகு ஆஸ்டினிலும் மாணவர். படித்துக்கொண்டே சக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். டேக்வாண்டோ என்றால் யாருக்கும் புரியாது என்பதால் கராத்தே என்றே சொல்லி நடத்தினார். 1962இல் வாஷிங்டனுக்குப் போய்விட்டார். ஆஸ்டினில் அவரிடம் பயின்ற ஆலன் ஸ்டீன் டல்லாஸில் பள்ளி தொடங்கினார்.

போகாமல் இருந்தவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கென் மின் பல பத்தாண்டுகள் தற்காப்புக் கலைகளை வளர்த்தார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ பதக்க விளையாட்டானதன் பின்னணி உழைப்பில் அவருக்கும் பங்குண்டு. எனக்கு ஒலிம்பிக்கைவிட இன்னொன்றுதான் பெரிதாகப் படுகிறது: வருடா வருடம் புது முகங்களுக்கு அதே முதல் உதையை அவரால் எப்படி ஆரம்பிக்க முடிந்தது?

அப் சாகி என்கிற அந்த முன்னுதையைப் பாருங்கள். முழங்காலை முதலில் நெஞ்சளவு தூக்க வேண்டும். பிறகுதான் பாதம் பாயும். விரல்களைப் பின்னுக்கு மடக்கி, அடிப்பாதத்தின் முன்மேட்டால் அடிக்க வேண்டும். புதியவன் விரலை நீட்டிவைப்பான்; உதைத்த காலை இழுக்காமல் அப்படியே தொப்பென்று கீழே போடுவான். சங்கங்களில் இதைத் திருத்துவது பெரும்பாலும் மாஸ்டர் இல்லை. போன வருடம் இதே விரலை நீட்டிய மஞ்சள் பெல்ட்காரன். அவனும் அரைகுறைதான். ஆனால் இன்னொருவன் காலைப் பிடித்துத் திருத்தும்போதுதான் தன் உதையே அவனுக்குப் பிடிபடுகிறது. மாஸ்டருக்கும் பாதி அலுப்பு மிச்சம்.

எங்கள் துறையில் இரண்டாமாண்டு மாணவனை முதலாமாண்டுக்கு ஒரு வகுப்பு எடுக்கவிட அனுமதி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாமென்று இருக்கிறேன். சிலபஸ் இடம் கொடுக்காது என்பார்கள்.