அமானிதக் கை

சுபஹுக்கு வுழூச் செய்யும்போது, இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரல் பட்டதும் தோலுக்கடியில் ஓர் அதிர்வு ஓடும். மடியில் படுத்த பூனையின் கழுத்தைத் தடவினால் கேட்குமே, அந்தக் குறுகுறுப்பு. அது இருந்தால், டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த என் பிஸ்டியூலா ஓடுகிறது. நின்றால் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தினமும் தொட்டுப் பாருங்கள் என்றார் தாதி. தொழுகை என்னை ஐந்து வேளையும் தொட வைக்கிறது.

ஒப்பரேஷனுக்கு முன்பு பள்ளியில் மூத்த நானா ஒருவர் கேட்டார்: "தம்பி, அல்லாஹ் ஒரு வழியா ஓட வெச்ச ரத்தத்த நாம இன்னொரு வழியா திருப்பலாமா?" கேலியில்லை, உண்மையான கவலை. உடம்பு அமானிதம் என்றுதான் மத்ரஸாவில் ஓதினோம். ஒப்படைத்த பொருளை வெட்டித் தைத்தா திருப்பிக் கொடுப்பது? மூன்று இரவு தூக்கமில்லை.

டயலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் ரத்தம் வேண்டும். நாடியில் வேகம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் கிடக்கிறது. நாளம் தோலருகே இருக்கிறது, ஆனால் மெல்லியது, ரத்தமும் மெதுவாகவே ஓடும். 1960இல் சியாட்டிலில் வைத்தியர் ஸ்கிரிப்னர் கைக்கு வெளியே பிளாஸ்ரிக் குழாய் பொருத்தி வழி கண்டார். அதில் கிருமி தொற்றியது, ரத்தம் உறைந்தது. நியூயோர்க்கின் பிரொங்ஸில், முன்னாள் படைவீரர்களின் ஆஸ்பத்திரியில், வைத்தியர்கள் சிமினோவும் பிரெஸ்சியாவும் வேறு வழி யோசித்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் அப்பெல் மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்தார். 1966இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

அப்படித் தைத்த கையில் வெளிப்பொருள் என்று தையல் நூல் மட்டும்தான். வைத்தியரின் வேலை தையலோடு முடிகிறது. பிறகு ரத்தத்தின் வேகத்தைத் தாங்கித் தாங்கி நாளம் தானே விரிகிறது, சுவர் தடிக்கிறது. ஊசி ஏற்க அது பக்குவப்படப் பல வாரங்கள் ஆகும். அதைத் தடிக்க வைத்தவன் யார்?

வாப்பாவோடு புத்தளத்து உப்பு வாய்க்காலில் நின்றவன் நான். களப்புத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்ப வரம்பை வெட்டுவோம். எங்கள் கை அதோடு சரி, உப்பு விளைவது வெயிலிலும் காற்றிலும். அல்லாஹ்வின் களப்பைத் திருப்பிவிட்டோம் என்று எவரும் எங்களைக் குற்றம் சொன்னதில்லை.

இப்போது இந்தக் கையில் பிரஷர் பார்க்க விடமாட்டேன், ரத்தம் எடுக்க விடமாட்டேன். பாரம் தூக்குவதில்லை, மணிக்கூடு கட்டுவதில்லை, அதன்மேல் சரிந்து தூங்குவதுமில்லை. ஐம்பது வருடம் இந்த உடம்பை நான் இப்படிப் பார்த்ததில்லை. பிரஷர் குளிசையை நினைத்தால் போட்டேன், மறந்தால் விட்டேன்; சிறுநீரகம் கெட்டது. அமானிதத்துக்கு மோசம் செய்தது அந்த வருடங்களில்தான், கையை வெட்டிய நாளில் அல்ல.

டயலிசிஸ் முடிந்து வரும் நாளில் ஊசி ஏறிய இரண்டு இடத்திலும் கட்டு இருக்கும், தண்ணீர் படக்கூடாது. மற்ற உறுப்புகளைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, தயம்மும் செய்கிறேன். கட்டுப் போட்ட கையோடு எப்படித் தொழுவது என்று நம் மார்க்கம் முன்பே வழி சொல்லி வைத்திருக்கிறது. காயத்தோடு வருபவனும் ஸஃப்பில் நிற்பான் என்று அது எண்ணியிருக்கிறது.

நானாவுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மஃரிபுக்கு என் இடது பக்கம் நின்றவர், என் கையில் இடிபடாமல் சற்று விலகி இடம் விட்டார்.