கடலுக்கு அப்பால் ஓர் அண்டை வீடு

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நடு ராத்திரியிலும் ஓடுகிறோம். ஆப்பிரிக்காவில் மலேரியாவால் துவளும் குழந்தையின் அழுகை நம் காதில் விழுவதில்லை; அவ்வளவுதான் வித்தியாசம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி, 2023-இல் மலேரியாவுக்குப் பலியானவர்கள் சுமார் 6 லட்சம் பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

நோயைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு பெரும்பாலும் இரவில் கடிக்கும். அங்கே பூச்சிமருந்து ஏற்றிய ஒரு கொசுவலை, சில நூறு ரூபாய்ச் செலவில், உறங்கும் பிள்ளைக்குக் காவல் நிற்கிறது. ஊரே வலைக்குள் உறங்கினால் கொசுக்கள் மடிந்து, வலையில்லாத வீட்டுக்கும் அது அரணாகிறது.

நாம் கொடுக்கும் ஒரு வலையால், முகம் அறியாத ஒரு தாய் இன்றிரவு நிம்மதியாகக் கண்ணயரட்டும். கொடுக்கும் கைக்குத் தூரம் கிடையாது.