திறக்கப்படாத பெட்டிகள்

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஓசூரில் வார்ப்படத் தொழிற்கூடம் ஒன்றில் வேலை செய்கிறார். உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தி உதிரிப்பாகங்களை வார்த்தெடுக்கும் எந்திரத்தில் அவருக்குப் பணி. வாரமெல்லாம் அங்கேயே தங்கியிருந்து, சனிக்கிழமை இரவு கிருஷ்ணகிரி வழியாக ஊத்தங்கரை வந்து சேருவார். சென்ற தவக்காலத்தின் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் கோவில் முற்றத்தில் நம்மை நிறுத்தி, "சாமி, நேற்று இரவு பையனை அடித்துவிட்டேன். கை தடம் பதிந்துவிட்டது" என்றார். பையனுக்கு ஆறு வயது. அப்பாவின் அலமாரியிலிருந்து கார் ஒன்றை எடுத்து, அதன் பெட்டியைக் கிழித்ததுதான் அவன் செய்த குற்றம். (இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று; எழுதிக்கொள்ள அவரே இசைவும் தந்தார்.)

அன்று மாலை அவர் இல்லம் சென்றோம். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் முப்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் வரிசையாக இருந்தன. அமெரிக்க நாட்டின் பந்தயக் கார்களை 24-இல் ஒரு பங்காகவும் 64-இல் ஒரு பங்காகவும் சுருக்கி, துத்தநாகக் கலவையில் வார்த்த சிறு வடிவங்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டியவரின் எண், பெயர், விளம்பரம் கொடுத்த நிறுவனங்களின் சின்னங்கள் எல்லாம் மயிரிழை பிசகாமல் பதிக்கப்பட்டிருந்தன. கடைகளில் விற்கும் சாதாரணக் கார்களைக் கொண்டே தொடங்கியதால் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று பெயர்பெற்ற இந்த ஓட்டத்துக்கு 1948-இல் 'நாஸ்கார்' என்ற அமைப்பு உருவாயிற்று. நம்மவர்க்கும் அதில் சிறு பங்கு உண்டு. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோவை நாராயண் கார்த்திகேயன், 2010-இல் நாஸ்காரின் டிரக் பந்தயங்களிலும் ஓடினார். 2005-இல் அவர் ஓட்டிய மஞ்சள் நிற ஜோர்டான் காரின் சிறு வடிவத்தை ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அது வேண்டும் என்று இந்த இளைஞர் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பூவிருந்தவல்லி குருமடத்தில் நாம் பயின்ற நாள்களில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் புதிது. அது 1990-இல் திறக்கப்பட்டது. ஞாயிறுகளில் அங்கே விரையும் இளைஞர் கூட்டத்தைக் கண்டு, வீண் வேலை என்று நாம் எண்ணியதுண்டு. அதே நெடுஞ்சாலைதான் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கும் போகிறது. அந்தப் பழைய எண்ணத்தோடுதான் அன்று அலமாரியின் முன்னும் நின்றோம். உலோகப் பொம்மைக்காகப் பிள்ளையை அடிப்பவரிடம் சிலைவழிபாட்டைக் குறித்து நான்கு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புவது எளிது. சொல்லவும் வாயெடுத்தோம்.

ஆனால் நம்மிடமும் ஒரு பெட்டி உண்டு. குருத்துவத் திருநிலைப்பாட்டன்று நம் தாயார் வாங்கித் தந்த கைக்கடிகாரம் அதில் இருக்கிறது. ஒரு நாளும் அதைக் கட்டியதில்லை. அவர் மறைந்த பிறகு சாவி கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். பயன்படாத பொருளைப் பூட்டி வைப்பது குற்றமென்றால் முதல் குற்றவாளி நாமே. 787-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், படிமத்துக்குச் செய்யும் வணக்கம் அது யாரைக் குறிக்கிறதோ அவரையே சென்றடைகிறது என்று கற்பித்தது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, பொருள் உலோகமா மரமா என்பதன்று. அதைக் காக்கும் கை யாரை நோக்கி நீள்கிறது என்பதே.

உலோகத்தை அவ்வளவு எளிதாக இகழ்ந்துவிடக் கூடாது என்பதற்கு அந்தப் பந்தய உலகிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர் வர்ஜீனியா மாநிலத்தவர். தம் காரைத் தாமே பழுதுபார்த்து, தம் மக்களையே உதவியாளராகக் கொண்டு ஓடியவர். 1963 டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் 34-ஆம் எண் காரில் அவர் வென்றார். ஆனால் வெற்றிக்கொடி வேறொருவருக்கு அசைக்கப்பட்டது. கோப்பையும் அவர் கைக்கே போயிற்று. கணக்கில் பிழை என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டபோது கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. பரிசுப்பணம் ஸ்காட்டுக்கு வந்தது; உரிய கோப்பை வரவில்லை. வெற்றி மேடையில் ஒரு கறுப்பர் நிற்பதை அந்நாளைய வெள்ளையர் கூட்டம் பொறுக்காது என்பதே காரணம் என்று அவர் வீட்டார் கருதினர். 1990-இல் அவர் இறந்தார். 2021 ஆகஸ்டில்தான் நாஸ்கார் புதிதாக ஒரு கோப்பை செய்து அவர் குடும்பத்தாரிடம் அளித்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! கோவில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யார் தேர்வடம் தொடலாம் என்பதற்காக ஊர்கள் பிளந்ததை அறிந்த நமக்கு, ஒரு குடும்பம் ஒரு கோப்பைக்காக அவ்வளவு காலம் காத்திருந்ததை விளக்க வேண்டியதில்லை. வந்து சேர்ந்தது அன்றைய கோப்பையன்று, பின்னர் செய்தது. ஆயினும் அது கடனைச் சுமந்து வந்தது. அந்த உலோகத்தை யாரும் பொம்மை என்று சொல்ல மாட்டார்.

இதைக் கேட்ட இளைஞர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே எழுந்து, மேல் தட்டிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள கறுப்புக் காரைப் பெட்டியோடு எடுத்துக் காட்டினார். எண் 3. டேல் எர்ன்ஹார்ட்டின் கார். ஏழு முறை சாம்பியன். டேடோனா 500 பந்தயத்தில் பத்தொன்பது முறை தோற்று, இருபதாம் முறையாக 1998-இல் வென்றவர். அதே களத்தில் 2001 பிப்ரவரி 18 அன்று கடைசிச் சுற்றில் சுவரில் மோதி, 49 வயதில் மாண்டார். அவர் பெயர் தாங்கிய சிறு கார்களை வாங்க அந்நாட்டு மக்கள் கடைகளில் குவிந்தனர். அழுதுகொண்டே வாங்கியவர்கள் உண்டு. விலை ஏறும் என்று வாங்கியவர்களும் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில், தலையையும் கழுத்தையும் காக்கும் கருவியை அணிவது எல்லா ஓட்டுநர்க்கும் கட்டாயமாக்கப்பட்டது. அந்த மனிதரின் சாவுக்குச் செய்யப்பட்ட உண்மையான நினைவுச்சின்னம் இந்த விதி என்பது நம் கருத்து. அதைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது.

"நீங்கள் எதற்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டோம்.

"அவரைப் பிடிக்கும் சாமி. ஆனால் உண்மையைச் சொன்னால், வயதான ஓட்டுநர்கள் யார் யார் என்றும் பார்ப்பேன். அவர்கள் போய்விட்டால் விலை கூடும். பெட்டி பிரிக்காமல் இருந்தால் இன்னும் கூடும்."

இந்த இடத்தில்தான் நம் கைக்கடிகாரமும் அவருடைய காரும் பிரிந்து போயின. நம் தாயாரின் சாவு அந்தக் கடிகாரத்தின் விலையை ஒரு காசும் கூட்டவில்லை. ஒருவர் சாவது நமக்கு வரவாகும்போது, அவரை நேசிப்பதாகச் சொல்வது என்ன பொருள் தரும்? வாங்குவதும் விற்பதும் பாவமன்று. அரிதானது விலை கூடுவதும் இயல்பே. ஒரு மனிதனின் சாவுக்காகக் காத்திருக்கும் கணக்கு வீட்டுக்குள் குடியேறிவிட்டால், அது அந்த ஓட்டுநரோடு நின்றுவிடாது என்பதே நம் அச்சம். கிழிந்த அட்டையைக் கண்டதும் பிள்ளையின் கன்னம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்றே!

அவருக்கே நன்கு தெரிந்த ஒன்றையும் அவர் சொன்னார். இந்தக் கலவை பெரும்பாலும் துத்தநாகம். சுமார் நான்கு விழுக்காடு அலுமினியம். வார்க்கும்போது சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் பல சென்றபின், பெட்டிக்குள் இருந்தபடியே உலோகம் வெடித்துப் பொடியாக உதிரும். பழைய பொம்மைகள் பல அப்படி அழிந்திருக்கின்றன. பூச்சியும் துருவும் பற்றி நாம் ஆண்டுதோறும் பிரசங்கம் செய்கிறோம். திருடனும் வேண்டாம், துருவும் வேண்டாம், உள்ளே கலந்த ஈயமே போதும் என்பதை இத்தனை காலம் எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பையன் கதவருகே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தைய நாள் அவன் கிழித்த பெட்டியிலிருந்த சிவப்புக் கார் மேசைமேல் கிடந்தது. தந்தை அதைக் கையில் எடுத்தார். நம்மிடம் கொடுக்கவில்லை, மகனிடமும் கொடுக்கவில்லை. சன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பிடித்து, அடிப்பாகத்தின் விளிம்பை நகத்தால் தடவினார். சீனாவில் செய்யப்பட்டது என்பது மட்டும் அங்கே பொறித்திருந்தது. அவருடைய முன்கையில், உலோகம் தெறித்த பழைய தழும்புகள் இரண்டு வெளிறித் தெரிந்தன.

"இங்கே பாருங்கள் சாமி, பிசிறு இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்து ஒழுங்காகத் தேய்க்காமல் அனுப்பிவிட்டான். இரவு ஷிப்டாக இருக்கும். தூக்கக் கலக்கத்தில் செய்திருப்பான் பாவம்" என்றார். பிறகு மகனை அருகில் அழைத்து, அவன் விரலைப் பிடித்து அந்த விளிம்பின்மேல் வைத்துக் காட்டினார்.