நம்மை அறிந்த கடை

வணிகத்தில் ஒருவரை ஒருவர் வெல்ல விரும்பும் நிறுவனங்கள் பொருளின் தரத்தை உயர்த்தியே வெல்ல வேண்டும் என்பது நாம் கற்ற பழைய பாடம். இன்று மற்றொரு வழியும் பிறந்துள்ளது: வாங்குபவரைப் பிறரினும் நன்கு அறிந்துவைத்திருப்பது. இவ்வறிவு நமக்குத் துணையா, தளையா?

திரைப்படக் குறுந்தகடுகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பிவந்த அமெரிக்க நிறுவனமாகிய நெட்ஃபிளிக்ஸ், 2006-ஆம் ஆண்டில் 10 இலட்சம் டாலர் பரிசு ஒன்றை அறிவித்தது. சிறந்த படம் எடுப்பவருக்கு அன்று. எந்த வாடிக்கையாளர் எந்தப் படத்துக்கு எத்தனை மதிப்பெண் இடுவார் என்பதை, நிறுவனத்தின் கணிப்பைவிட 10 விழுக்காடு துல்லியமாகச் சொல்ல வல்லவருக்கு! ஏறத்தாழ 4,80,000 பேர் இட்ட 10 கோடிக்கு மேற்பட்ட மதிப்பெண்கள், பெயர்கள் நீக்கப்பட்டு, போட்டியிட்டோருக்கு அளிக்கப்பட்டன. 2009-இல் ஒரு குழுவினர் பரிசை வென்றனர்.

இம்முயற்சியை இழிவாகக் கருதிவிடலாகாது. தரம் வேறு, பொருத்தம் வேறு. எத்துணைச் சிறந்த படமாயினும் அதில் நாட்டமில்லாதவருக்கு அது பயன்படாது. தன் இரசிகரைக் காணாமல் மூலையில் கிடந்த சிறு படத்தை அவரிடம் கொண்டு சேர்ப்பதும் ஒரு தொண்டே. எல்லாரையும் கவர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கினால், சிலருக்காக நன்றாகச் செய்யும் துணிவு படைப்பவருக்கு வரும்.

ஆனால், ஆண்டுக்கணக்கில் நாம் இட்ட மதிப்பெண்கள் அனைத்தும் ஒரே கடையில் குவிந்துவிடுகின்றன. அதனினும் நல்ல படங்களை வைத்திருக்கும் புதிய கடைக்குள் நுழைந்தால், அங்கே நாம் முன்பின் அறியாதவர். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க யாருக்குப் பொறுமை உண்டு? நமக்கில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். பழைய கடை சற்றே சோம்பினாலும் அங்கேயே தங்கிவிடுகிறோம். அதன் தரம் குறைவதையும் பொறுத்துக்கொள்கிறோம். நம் பழைய விருப்பங்களே நம்மைக் கட்டிவைத்துவிடுகின்றன. நம்மை அறிய உழைத்தவருக்குக் கூலி நியாயமே. வெளியே போகவிடாமல் நம்மைப் பிடித்துவைப்பதையும் அக்கூலியில் சேர்ப்பது முறையன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கட்டைத் தளர்த்த முயல்கிறது. ஒருவர் தாமே அளித்த விவரங்களைப் பெற்று வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் உரிமையை அது வழங்குகிறது. போற்றத்தக்க உரிமைதான். ஆயினும், அவ்விவரங்களைக் கொண்டு நிறுவனம் நம்மைப் பற்றி உய்த்துணர்ந்தவை அவ்வுரிமைக்குள் அடங்கா. மதிப்பெண்கள் நம்மோடு வரும். 'இவர் இத்தகையவர்' என்னும் முடிவு பழைய கடையிலேயே தங்கிவிடும். புதிய கடைக்காரர் தாமே உழைத்து அதனைக் கண்டறிய வேண்டும். அதுவரை அவருடைய நல்ல படங்கள் காத்திருக்க நேரும்.