சினம் தணிந்தது, வென்றது யார்?

புனே மாவட்டத்தைச் சேர்ந்த சாகண், வெங்காயச் சந்தைக்கும் வாகனத் தொழிற்சாலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். ஞானேசுவரர் 1296ஆம் ஆண்டில் சமாதி அடைந்த ஆளந்தி அதற்கு அருகிலேயே உள்ளது. பிறர் செய்த அவமதிப்பால் மனம் நொந்த ஞானேசுவரர், ஒருநாள் குடிலின் தட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அமர்ந்துவிட்டாராம். தங்கை முக்தாபாய் வெளியே நின்று, கதவைத் திறக்குமாறு வேண்டிப் பாடினாள் என்று மரபு கூறுகிறது. அப்பாடல்கள் 'தாட்டிசே அபங்கங்கள்' எனப் போற்றப்படுகின்றன. மகான்களின் வாழ்விலும் சினம் ஒரு சோதனையாக வந்து நிற்கும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

இன்று சாகண் போன்றதொரு தொழில் நகரில் வாழும் பக்தர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இரவுப் பணியும் உறக்கமின்மையும் அவரை வாட்டுகின்றன. சிறு சொல்லுக்கும் சீறுகிறார். குழந்தைகள் அஞ்சி ஒதுங்குகின்றனர். மருத்துவர் அதனை மனச்சோர்வு நோய் எனக் கண்டு மாத்திரை தருகிறார். சில வாரங்களில் சீற்றம் தணிகிறது. இல்லத்தில் அனைவரும் மகிழ, அவர் உள்ளத்தில் மட்டும் ஓர் உறுத்தல். 'பல்லாண்டு ஜபமும் தியானமும் தராத அமைதியை ஒரு மாத்திரை தந்துவிட்டதே! இந்த அமைதி என்னுடையதா, மருந்தினுடையதா?' வெட்கத்தால் மருந்தை நிறுத்திவிடவும் துணிகிறார்.

இவ்வினாவுக்கு விடை காண, விஞ்ஞானம் கூறுவதை முதலில் அறிதல் நலம். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளுள் பல, மூளையில் செரோட்டோனின் என்னும் பொருளின் செயலை மாற்றுபவை. 1991இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், வெர்வெட் குரங்குக் கூட்டங்களிலிருந்து தலைமை ஆண் குரங்கை அகற்றிவிட்டு, எஞ்சியவற்றுள் ஒன்றுக்குச் செரோட்டோனின் செயலைக் கூட்டும் ஃபுளூவாக்ஸெட்டின் போன்ற பொருள்களைக் கொடுத்தனர். அக்குரங்கே தலைமை நிலையை எய்தியது. கடித்துக் குதறி அன்று. கூட்டத்தாருடன் இணக்கமாகப் பழகி. சீற்றம் குறைந்தால் வீரியமும் குறையும் என்னும் எண்ணத்தை இது அசைக்கிறது.

1997இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அடிக்கடி கட்டுமீறிச் சினந்து தாக்கும் இயல்புடைய 40 பேர் பங்கேற்றனர். ஃபுளூவாக்ஸெட்டின் உட்கொண்டவர்களிடம் எரிச்சலும் தாக்கும் போக்கும் குறைந்தன.

ஆயினும் மருந்து அமைதியின் மறுபெயர் அன்று. நன்னீரில் வாழும் கிரேஃபிஷ் என்னும் இறாலினத்தில், தோற்றுப் பின்வாங்கிய ஒன்றின் உடலில் செரோட்டோனினைச் செலுத்தியபோது, அது தன்னினும் வலியதை மீண்டும் எதிர்த்து நின்றதை 1997இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஒரே பொருள் ஓர் உயிரில் இணக்கத்தையும் மற்றோர் உயிரில் போரையும் விளைக்கிறது! மனிதரிலும் எச்சரிக்கை தேவை. எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றி 2015இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வில், இவ்வகை மருந்து உட்கொண்ட காலத்தில் 15 முதல் 24 வயதினரிடம் வன்முறைக் குற்றங்கள் சற்று மிகுந்து காணப்பட்டன. அதற்கு மருந்துதான் காரணம் என்று அவ்வாய்வு நிறுவவில்லை. எனினும் இளைஞரை மருத்துவரும் குடும்பத்தாரும் கவனித்து வரவேண்டும் என்பது தெளிவு. மருந்தைத் திடீரென நிறுத்துவதும் எரிச்சலையும் படபடப்பையும் தரக்கூடும்.

இனி, அந்தப் பக்தரின் வினாவுக்கு வருவோம். உடலும் மனமும் ஆன்மாவின் கருவிகள் என்பது நம் சாத்திரங்களின் முடிபு. கண்ணாடி அணிந்து கீதை படிப்பவரைப் பார்த்து, 'படித்தது கண்ணாடியே' என்று எவரும் கூறுவதில்லை. பழுதுற்ற கருவியைச் செப்பனிடுவது ஆன்ம சாதனைக்குப் பகையன்று. அதில் நாணுவதற்கு ஏதும் இல்லை. நாணத்தை நோக்கினால், 'என் முயற்சியாலேயே வென்றேன்' என்று சொல்லிக்கொள்ள விழையும் அகங்காரமே அதனுள் ஒளிந்திருக்கக் காணலாம்.

அதே வேளையில், கருவி செப்பமுற்றதனாலேயே சாதனை நிறைவுறுவதில்லை. சினம் எழுவதற்கும் கை ஓங்குவதற்கும் இடையே மருந்து ஒரு கணத்தை மீட்டுத் தரலாம். அக்கணத்தில் மன்னிப்பதா, வஞ்சத்தைச் சேமிப்பதா என்பதை எந்த மாத்திரையும் முடிவு செய்யாது. அஞ்சி ஒதுங்கிய குழந்தையை அருகழைத்து அணைப்பதும், புண்பட்ட மனைவியிடம் வருத்தம் தெரிவிப்பதும் அவர் செய்யவேண்டியவை. ஜபமும் தியானமும் விவேகமும் பயன் தருவது அங்கேதான்.

ஆகவே மருந்தை உட்கொள்பவர் தாழ்ந்தவரும் அல்லர். மருந்தின்மேல் பழியைப் போட்டுத் தம் கடமையிலிருந்து விடுபட்டவரும் அல்லர். நோய் இறுக்கிய தாழ்ப்பாளை மருந்து சற்றே தளர்த்தும். ஆளந்தியில் முக்தாபாய் பாடினாள். கதவைத் திறந்தவரோ உள்ளே இருந்தவரே.